யார் கை முழம்?

மல்லிகைப் பூ வாங்குகிறவர்களுக்கு ஒரு ரகசியம் தெரியும். முழம் என்பது ஒரே அளவு இல்லை. பூக்கார அம்மா உயரமாக இருந்தால் நமக்கு லாபம். குட்டையாக இருந்தால் அவருக்கு லாபம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை... அதுதான் அளவுகோல். கை மாறினால் கணக்கு மாறும்.

ஆனாலும் ஒரு நிம்மதி உண்டு. ஒரே அம்மாவிடம் தினமும் வாங்கினால் முழம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர் காலையில் இட்லி சாப்பிட்டாரா, பட்டினியா என்பதைப் பொறுத்துக் கை நீளுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை.

பசித்தால் சுருங்குகிற கை ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரகடம் பக்கத்தில், ஒரு சின்ன ஷெட்டில், மேஜை மேல் இருந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். எனக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் கட்டுவதோடு முடிந்துவிடும். எனவே இந்தக் கட்டுரையில் வரும் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒரு கணக்கப்பிள்ளைக்குப் புரிந்த அளவுதான். அது உங்களுக்கும் புரியும் என்பது இதில் உள்ள வசதி.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த ஊர். இப்போது அதிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகிற ஊர். 1996-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் கார்கள், 2012-ல் டெய்ம்லர் லாரிகள். நோக்கியா மூடிய ஆலையை வாங்கப் போவதாக 2019-ல் அறிவித்தது சால்காம்ப். அது செல்போனுக்கு சார்ஜர் செய்கிற கம்பெனி. போன் போய் சார்ஜர் வந்தது!

இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவில், போர்டு வைக்காத சந்துகளில், ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. என் நண்பன் நடத்துவது அப்படி ஒன்று. கண்காணிப்பு கேமராவுக்கு 12 வோல்ட் அடாப்டர் செய்கிறான். ஒரு நாள் போன் செய்தான்.

''மச்சான், கஸ்டமர் ஆடிட் வருதுடா. ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரைக் கொஞ்சம் எக்ஸெல்ல போட்டுக் குடுத்துடு. பிரியாணி வாங்கித் தர்றேன்.''

பி.காம் படித்தவனுக்கு ஊர் தருகிற மரியாதை இவ்வளவுதான். போனேன்.

டெஸ்ட் மேஜையில் நடப்பது சுலபமான வேலை. அடாப்டரைச் செருகுவார்கள். எதிரே ஒரு பெட்டியில் சிவப்பு எழுத்தில் வோல்டேஜ் தெரியும். 11.40-லிருந்து 12.60-க்குள் இருந்தால் பாஸ். வெளியே போனால் ஃபெயில். ஃபெயிலானது சிவப்புக் கூடைக்கு.

ரிஜிஸ்டரில் காலை ஷிஃப்ட் பரிசுத்தமாக இருந்தது. மதியம் 2 மணிக்கு மேல் சிவப்புக் கூடை நிரம்பி வழிந்தது. மதிய ஷிஃப்டில் உட்காருகிறவள் செய்யாறு பக்கத்திலிருந்து வருகிற ஒரு டிப்ளமோ பெண். சூப்பர்வைசர் தீர்ப்பை ஏற்கெனவே எழுதிவிட்டார். 'கவனக்குறைவு.' இரண்டு மெமோ கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது மெமோவுக்கு அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவள் காண்டிராக்ட்.

அவளிடம் கேட்டேன். ''சார், நான் செருகறேன். அது காட்டுது. நான் எழுதறேன். இதுல நான் எங்க சார் கவனக்குறைவா இருக்க முடியும்?'' என்றாள்.

நியாயமான கேள்வி. எண்ணைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று எக்ஸெல்லில் போட்டு, கிழமைவாரியாகப் பிரித்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மதிய ஷிஃப்டிலும் ரிஜெக்‌ஷன் கிட்டத்தட்ட பூஜ்யம்! அதே பெண், அதே நாற்காலி. வெள்ளிக்கிழமை மட்டும் அவளுக்கு எப்படி இவ்வளவு கவனம் வருகிறது? பக்தியா?

''வெள்ளிக்கிழமை என்னடா விசேஷம்?'' என்றேன் நண்பனிடம்.

''ஒண்ணும் இல்லையே... பக்கத்து ஷெட்டுக்கு லீவு. பிரஸ் ஷாப்பு. தடதடன்னு சத்தம் இருக்காது.''

அந்தப் பிரஸ் ஷாப்பில் பெரிய மெஷின்கள் ஓடுவது மதியத்துக்கு மேல்தான் என்பதையும் அவனே சொன்னான். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தெரியாமல் டீ குடித்தான்.

மறுநாள் ஒரு பெரியவரை வரவழைத்தோம். கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் டெஸ்ட் பெஞ்சில் இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் துணிப்பை, பைக்குள் மல்டிமீட்டர். பெட்டியைத் திறந்து பார்த்தார். சிரித்தார்.

''தம்பி, ஏ.டி.சி.ன்னா என்னன்னு தெரியுமா?''

தெரியாது என்றேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

வோல்டேஜ் என்பது தண்ணீர் மட்டம் மாதிரி. ஏறும், இறங்கும், நடுவில் எங்கேயும் நிற்கும். கம்ப்யூட்டருக்கு அது புரியாது. அதற்கு எண் வேண்டும். மட்டத்தை எண்ணாக மாற்றுகிற சின்னத் துண்டுதான் ஏ.டி.சி. அது ஒரு ஏணியைப் பக்கத்தில் வைத்து, 'தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது' என்று எண்ணுகிறது. 12 பிட் ஏ.டி.சி. என்றால் 4,096 படிகள். ஏணியின் மொத்த உயரம் எவ்வளவு? அதை ஏ.டி.சி. தானாக முடிவு செய்யாது. நாம் ஒரு கம்பியில் கொடுக்க வேண்டும். அந்தக் கம்பிக்குப் பெயர் ரெஃபரன்ஸ்.

ரெஃபரன்ஸ் 5 வோல்ட் என்றால், ஒரு படி 5-ஐ 4,096-ஆல் வகுத்தால் வருவது. சுமார் 1.22 மில்லிவோல்ட். ரெஃபரன்ஸ் இறங்கினால் ஏணியே குட்டையாகும். படிகள் அதே 4,096. ஒவ்வொரு படியும் சின்னதாகிவிடும். தண்ணீர் மட்டம் மாறாவிட்டாலும், படியை எண்ணினால் எண்ணிக்கை கூடும்.

பூக்கார அம்மாவின் கை சுருங்கினால், அதே சரம் அதிக முழம் வரும் அல்லவா? அதே கதை.

ஏ.டி.சி.க்கு இன்னொரு கம்பியும் உண்டு. சப்ளை. அது சாப்பாடு. உயிரோடு இருக்க. ரெஃபரன்ஸ் என்பது அளவுகோல். சாப்பாடு வேறு, அளவுகோல் வேறு. சாப்பாடு ஒரு வேளை கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ஆள் பிழைத்துக்கொள்வான். அளவுகோல் கூடக் குறைய இருக்கக்கூடாது.

நண்பனின் பெட்டியில் என்ன செய்திருந்தார்கள்? இரண்டு கம்பியையும் ஒன்றாக முறுக்கி அதே 5 வோல்ட்டில் சேர்த்திருந்தார்கள். ஒரு ஐ.சி. மிச்சம். சில பத்து ரூபாய்.

அந்த 5 வோல்ட் எங்கிருந்து வருகிறது? ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பின்னால் 7805 என்று ஒரு மூன்று கால் ஐ.சி. மெக்கானிக் கடைப் பையன்களுக்குக் கூடத் தெரிந்த ஐ.சி. மேலே எவ்வளவு வந்தாலும் கீழே 5 வோல்ட் தருவதில் சமர்த்து. ஒரே நிபந்தனை, சுமார் 2 வோல்ட் கமிஷன் கேட்கும். 7-க்கு மேல் கொடுத்தால்தான் 5 தரும்.

காலையில் லைன் 230 வோல்ட். 7805-க்கு 8 வோல்ட் வருகிறது. கமிஷன் போக 5. சுபம். மதியம் பக்கத்து ஷெட்டில் பிரஸ்கள் ஓட ஆரம்பித்ததும் லைன் 195-க்கு இறங்குகிறது. 8 வோல்ட் 6.8 ஆகிறது. கமிஷன் 2 போக மிச்சம் 4.8. ஏணி குட்டையாகிவிட்டது. கை சுருங்கிவிட்டது!

பெரியவர் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார். அடாப்டரில் உண்மையில் இருந்தது 12.20 வோல்ட். அருமையான அடாப்டர். பெட்டி காட்டியது 12.71. ஃபெயில். சிவப்புக் கூடை. அந்தப் பெண்ணுக்கு மெமோ.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மாதிரி அடாப்டர்கள் பலவற்றுக்குள்ளேயே டி.எல்.431 என்று ஒரு பொடி ஐ.சி. உட்கார்ந்திருக்கும். அதன் உத்தியோகமே 2.5 வோல்ட்டில் அசையாமல் நின்று, 'கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு' என்று சொல்வது. அதாவது, பரீட்சை எழுத வந்தவனிடம் நல்ல ஸ்கேல் இருக்கிறது. பேப்பர் திருத்துகிறவரிடம் இருப்பது ரப்பர் ஸ்கேல்.

''அப்போ எல்லா இடத்திலும் இப்படி ஒண்ணா முறுக்கறது தப்பா சார்?'' என்றேன். இரண்டாவது டீ வந்திருந்தது.

''அங்கதான் விஷயம்'' என்றார் பெரியவர். ரோட்டில் போகிற டிரெய்லரைக் காட்டினார். அதன் மேல் ஆறு புதுக் கார்கள்.

காரில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்குக் கீழே ஒரு சென்சார். இன்ஜின் கம்ப்யூட்டர் அதற்கு 5 வோல்ட் அனுப்பும். பெடலைப் பாதி அழுத்தினால் பாதி திரும்பி வரும், 2.5. சரி, அந்த 5 வோல்ட் 4.8-க்கு இறங்கிவிட்டால்? பெடல் பாதி 2.4-ஐத் திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டரின் ஏ.டி.சி.யும் அதே 4.8-ஐ அளவுகோலாக வைத்திருந்தால், '4.8-ல் 2.4... பாதி' என்று சரியாகச் சொல்லிவிடும். அளக்கப்படுவதும் அளப்பதும் சேர்ந்து இறங்கினால் தப்பு தட்டுப்படாமலே கழிந்துவிடும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. இது சதவிகிதம்! மொத்த விற்பனை எவ்வளவு ஆனாலும் அதில் 5 பர்சன்ட் 5 பர்சன்ட்தான். பங்கைக் கேட்டால் மொத்தம் ஆடலாம். ஆனால் 'கையில் எத்தனை ரூபாய்?' என்று கேட்டால் சதவிகிதம் உதவாது. பெடல் கேட்பது பங்கு. அடாப்டர் கேட்பது ரூபாய். கேள்வி எது என்று பார்த்துத்தான் கம்பியை முறுக்க வேண்டும்.

மின்னணு எடை மேடைகளிலும் இதே தந்திரம்தான். ஒரகடம் போகிற வழியில் லாரிகள் ஏறி நிற்கிற எடை மேடைக்குக் கீழே உள்ள லோட் செல்லுக்குக் கொடுக்கும் வோல்டேஜையே ஏ.டி.சி.க்கும் அளவுகோலாகக் கொடுப்பார்கள். கரண்ட் கொஞ்சம் ஆடினாலும் லாரியின் எடை ஆடாது.

பகிர்ந்துகொள்வதில் ஒரு ஆபத்தும் உண்டு. காரில் அந்த 5 வோல்ட் கம்பியை நாலைந்து சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று ஷார்ட் ஆனால் மொத்தக் குடும்பமும் உளறும். ஸ்கேனரில் 'பி0641' என்று ஒரு கோடு வந்தால் அர்த்தம் அதுதான், சென்சார்களுக்குப் போகிற ரெஃபரன்ஸ் வோல்டேஜில் கோளாறு. விவரம் தெரியாத மெக்கானிக் சென்சார் சென்சாராக மாற்றிக்கொண்டே போவார். பில் நீளும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆடிட்டர் சந்தேகம் வந்தது. ''பெட்டி பொய் சொல்லுதுன்னு உங்க மல்டிமீட்டர் சொல்லுது. மல்டிமீட்டர் பொய் சொல்லலைன்னு யார் சொல்றது?''

பெரியவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. இந்தக் கேள்விக்காக முப்பது வருஷம் காத்திருந்த மாதிரி.

மல்டிமீட்டருக்கு உள்ளேயும் ஒரு ரெஃபரன்ஸ் இருக்கிறது. பெரும்பாலும் சிலிக்கானில் செய்தது. சிலிக்கான் டயோடில் விழுகிற வோல்டேஜ் சூடானால் இறங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். அதே சிலிக்கானில், சூடானால் ஏறுகிற இன்னொரு வோல்டேஜையும் உண்டாக்க முடியும். இரண்டையும் சரியான விகிதத்தில் கூட்டினால் ஒன்று ஏற, ஒன்று இறங்க, மொத்தம் சுமார் 1.2 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். ஒருவர் கொதித்தால் இன்னொருவர் தணிகிற தம்பதி மாதிரி. ராபர்ட் விட்லர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் இதை ஐ.சி.க்குள் கொண்டுவந்தார். பேண்ட்கேப் ரெஃபரன்ஸ் என்று பெயர்.

அதுவும் வருஷக்கணக்கில் மெல்ல நகரும். அதனால் மீட்டரைக் கேலிப்ரேஷன் லேபுக்கு அனுப்பி, அங்கே உள்ள இன்னும் நல்ல மீட்டரோடு ஒப்பிட்டு, ஸ்டிக்கர் ஒட்டி வாங்க வேண்டும். அந்த லேபின் மீட்டரை அதைவிட நல்லதோடு... இப்படியே ஏறிக்கொண்டு போனால் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடியும். இந்தியாவின் வோல்ட் அங்கேதான் குடியிருக்கிறது.

முன்பெல்லாம் நாடுகள் வோல்ட்டைக் கண்ணாடிக் குழாயில் பூட்டி வைத்திருந்தன. 1893-ல் எட்வர்ட் வெஸ்டன் கண்டுபிடித்த காட்மியம் செல், 1.018 வோல்ட். ஊறுகாய் ஜாடியைப் போல அசைக்காமல், வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1962-ல் கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது மாணவர், இரண்டு சூப்பர்கண்டக்டர்களுக்கு நடுவில் மெல்லிய தடுப்பு வைத்தால் வோல்டேஜையும் அலைவரிசையையும் இயற்கையே இறுக்கமாக முடிச்சுப் போட்டுவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1973-ல் நோபல் பரிசு. 1990 ஜனவரி முதல் உலகம் முழுக்க வோல்ட்டுக்கு அதுதான் ஆதாரம். செய்யாறுப் பெண்ணின் மெமோவுக்கு அப்பீல் கோர்ட் எதுவரை போகிறது, பாருங்கள்!

பெட்டியை ரிப்பேர் செய்ய அரை நாள் ஆனது. 7805-க்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு, லைன் இறங்கினாலும் அசராத நல்ல சப்ளை. ஏ.டி.சி.க்குத் தனியாக ஒரு ரெஃபரன்ஸ் ஐ.சி. அது தருவது 4.096 வோல்ட்.

''அதென்ன அப்படி ஒரு நம்பர்?'' என்றேன்.

''எத்தனை படி?''

''4,096.''

''அப்போ ஒரு படி?''

சரியாக ஒரு மில்லிவோல்ட்! பைசா பாக்கி இல்லாத பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்த மாதிரி எனக்குக் கண் கலங்கிவிட்டது. 12 வோல்ட்டை அப்படியே ஏணியில் வைக்க முடியாது என்பதால் நாலில் ஒரு பங்காக்கித்தான் ஏ.டி.சி.க்குக் கொடுப்பார்கள். 12.20 வோல்ட் 3.05 ஆகும். படியை எண்ணினால் 3,050. எந்த ஷிஃப்டிலும் 3,050.

அதோடு விடவில்லை. ஏ.டி.சி.யின் சப்ளைக் காலுக்கும் ரெஃபரன்ஸ் காலுக்கும் பக்கத்திலேயே '104' என்று எழுதிய பொடிக் கெபாசிட்டர்கள். (காய்ச்சல் இல்லை. 10-க்குப் பின்னால் நாலு சைபர், அத்தனை பிகோஃபேரட், அதாவது 0.1 மைக்ரோஃபேரட்.) பெட்டிக்குள் ரிலே 'டிக்' என்று அடிக்கிறபோது கிளம்புகிற குட்டி அதிர்ச்சிகளை இவை விழுங்கிவிடும். கெபாசிட்டர் தூரத்தில் இருந்தால் பயனில்லை. தாகம் எடுக்கிறவன் பக்கத்தில்தான் சொம்பு இருக்க வேண்டும். கடைசியாக, ரிலேயின் கிரவுண்டுக் கம்பியும் ஏ.டி.சி.யின் கிரவுண்டுக் கம்பியும் தனித்தனியாக வந்து ஒரே ஒரு இடத்தில் சேரும்படி மாற்றினார். இல்லாவிட்டால் ரிலேயின் கரண்ட் ஓடுகிற வழியில் ஏணியின் அடிக்காலும் ஆடும்.

மதியம் மூன்று மணி. பக்கத்து ஷெட்டில் தடதட. பெட்டி 12.20 காட்டியது. நண்பன் விசிலடித்தான். சூப்பர்வைசர் முக்கியமான போன் வந்த மாதிரி வெளியே போனார்.

''மெமோ ரெண்டையும் கிழிச்சுடலாம்மா'' என்றான் நண்பன்.

அந்தப் பெண் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

''சார், நல்லது ஃபெயில் ஆச்சுன்னா... கெட்டது பாஸ் ஆகியிருக்குமே சார்?''

ஷெட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. நான் பேனாவை எடுத்தேன். உண்மையில் 11.00 வோல்ட் மட்டுமே தருகிற மோசமான அடாப்டர், 4.8 ரெஃபரன்ஸில் எவ்வளவு காட்டும்? 11.46. வரம்பு 11.40. பாஸ்! பச்சைக் கூடை. பெட்டி. லாரி. எங்கோ ஒரு கடை வாசலில் கேமரா ராத்திரியில் கண்ணை மூடிக்கொள்ளும். திருடன் வந்து போனபின் கடைக்காரர் யாரைத் திட்டுவார்?

சிவப்புக் கூடையின் நஷ்டம் ரிஜிஸ்டரில் இருந்தது. பச்சைக் கூடையின் நஷ்டம் எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை. அதை முதலில் பார்த்தது நாங்கள் நாலு ஆம்பளைகளும் இல்லை. மெமோ வாங்கினவள்.

நண்பன் நல்லவன். இரண்டு நிமிஷம் கெட்டவனாக இருக்க முயற்சி செய்தான், அது முகத்தில் தெரிந்தது. பிறகு குடோனில் இருந்த மதிய ஷிஃப்ட் சரக்கு அத்தனையையும் பிரிக்கச் சொன்னான். வெளியே போன பேட்ச் நம்பர்களைக் கஸ்டமருக்குத் தானே போன் செய்து சொன்னான். ஆடிட்டுக்கு இரண்டு நாள் முன்னால்! போனை வைத்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. எதிர்முனையில் திட்டினார்களாம். ஆர்டரை மட்டும் நிறுத்தவில்லையாம்.

பெரியவர் கிளம்பும்போது ஒரு யோசனை சொன்னார். ஒரு நல்ல அடாப்டரை லேபில் அளந்து, ஸ்டிக்கர் ஒட்டி, தனியே வைத்துக்கொள்ள வேண்டும். கோல்டன் சாம்பிள் என்று பெயர். ஒவ்வொரு ஷிஃப்ட் ஆரம்பத்திலும் முதலில் அதைச் செருகிப் பார்க்க வேண்டும். பெட்டி சரியான எண்ணைச் சொன்னால்தான் வேலை ஆரம்பம். பொறுப்பு அந்தப் பெண்ணிடம் வந்தது. மஞ்சள் துணியில் சுற்றி டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியை ஐ.டி. கார்டோடு மாட்டிக்கொண்டாள்.

போன மாதம் நண்பன் வீட்டில் கேமரா அடாப்டர் புகைந்துவிட்டதாம். (அவன் கம்பெனி அடாப்டர் இல்லை என்று சத்தியம் செய்கிறான்.) ராத்திரிக்கு மட்டும் ஒன்று வேண்டும் என்று டிராயர் பக்கம் கை நீட்டியிருக்கிறான்.

''சார், அது அளக்கறதுக்கு. ஓட்டறதுக்கு வேற எடுத்துக்குங்க'' என்றாளாம் அவள்.

''ஏம்மா, கம்பெனி யாரோடது?''

''உங்களோடதுதான் சார். ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்குங்க. திரும்ப லேபுக்கு அனுப்பி ஸ்டிக்கர் ஒட்டற வரைக்கும் லைன் நிக்கும். காரணம்ங்கற காலத்துல என்ன எழுதட்டும்?''

முதலாளி பஜாருக்குப் போய்ப் புது அடாப்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.